கைக்கு வேலையில்லையாம்!

‘கையால எழுதுனா வலிக்கும், டைப் அடிச்சா வலிக்காது.’ காணையின் டீக்கடை பெஞ்சிலிருந்து விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வாசல்வரை இதற்கு மறுபேச்சு கிடையாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு கிளம்புகிறவரும் ‘கம்ப்யூட்டர்ல அடிச்சிடலாம், கைக்கு வேலையில்ல’ என்கிறார். விரல்கள் வேறென்ன செய்கின்றனவாம்?

ஒப்பிடுவதே கோணல். எழுத்துக்கு உதாரணம், பிளஸ் டூ பரீட்சையில் விடாமல் 3 மணி நேரம். டைப்புக்கு உதாரணம், வாட்ஸ்அப்பில் நாலு வரி. அரசுத் தட்டச்சுத் தேர்விலேயே வேகத் தாளுக்கு 10 நிமிடம்தான். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அதே வேகத்தில் 3 மணி நேரம் அடிக்கவிட்டு, கை எப்படி என்று கேளுங்கள்.

பரீட்சை ஹாலில் ஒரு பையனின் கையைப் பாருங்கள். பால்பாயின்ட் பேனாவை முனையோரம் இறுக்கியிருப்பான். கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கும். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும், அத்தனை அழுத்தம். அந்தப் பேனாவில் குண்டு உருண்டால்தான் கெட்டி மை இறங்கும், அதற்கு அழுத்த வேண்டும். மைப்பேனாவுக்கு நிப்பு தாளைத் தொட்டாலே போதும். பேனாவைக் குறைசொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. ‘எப்பப் பாரு செல்போனு, எழுதிப் பழக்கமில்ல’ என்று பையனுக்குத்தான் திட்டு.

எழுத்தர்களின் நோய்க்கு இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1713இல் மூன்று காரணங்கள் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பிழை வந்துவிடுமோ என்ற மன உளைச்சல். கீபோர்டு வந்ததும் இதில் எது ஓடிப்போனது? அவர் சொல்லும் நோட்டரி ஒருவருக்கு வலக்கை முடங்கியது. இடக்கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் அதுவும் முடங்கியது.

டைப் அடித்தால் பாரம் பத்து விரலுக்கும் பிரியும் என்பார்கள். சரிதான், பத்து விரலாலும் அடித்தால்! தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, அதிகம் புழங்கும் மெய்கள் வலக்கைக்கு. இரு கையும் மாறி மாறி உழைக்கும். கற்றவர் எத்தனை பேர்? கம்ப்யூட்டரில் ஆள்காட்டி விரலால் குத்துகிறோம், செல்போனில் கட்டைவிரல் மாடாய் உழைக்கிறது. வலி மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் குடிபோகிறது, அவ்வளவுதான். பழைய டைப்ரைட்டரில் வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், முடிந்ததும் நெம்புகோலைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாள் மாற்ற வேண்டும். விரலுக்கு அது மூச்சு வாங்கும் நேரம். கம்ப்யூட்டர் அதையும் பிடுங்கிக்கொண்டது.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் கையால் மனு எழுதித் தருகிறவர் ஒரு மனு முடிந்ததும் பேனாவை மூடிவிட்டு, அடுத்தவரின் பட்டா தகராறை முழுசாகக் கேட்டபிறகே மறுபடி திறக்கிறார். இ-சேவை மையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அடிக்கும் பெண்ணுக்கோ, சர்வர் தொங்கினால்தான் ஓய்வு.