கடலில் பிடிக்காத தீ, கரையில் பிடிப்பது ஏன்?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால், வைத்திக்குப்பத்துக்காரர்களுக்கு அடுத்த 61 நாள்களும் போட் வேலைதான். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வெல்டிங், பெயின்ட், இன்ஜின் வேலை எல்லாம் நடக்கும். வெல்டிங் ஓடும் இடத்தில் டீசல் கேனும் பழைய வலையும் கிடக்கக் கூடாது என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். போர்க்கப்பலுக்கும் பயம் அதேதான்.

2024 ஜூலை 21, ஞாயிறு மாலை. மும்பை கடற்படைத் தளத்தில் பராமரிப்பில் இருந்த ஐ.என்.எஸ். பிரம்மபுத்திராவில் தீப்பிடித்தது. மறுநாள் காலைக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள், பிற்பகலில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. எவ்வளவு முயன்றும் நிமிர்த்த முடியவில்லை. காணாமல்போன இளம் மாலுமியின் உடல் 24-ம் தேதி கிடைத்தது.

கப்பல் தீயில் இது ஒரு தனிச் சிக்கல். தீயணைக்கப் பாய்ச்சும் தண்ணீர் கப்பலுக்குள்ளேயே தேங்கும். லேசாகச் சரிந்தாலும் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடிச் சேரும். தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து நடந்து பாருங்கள், புரியும்!

‘நார்மண்டி’ என்ற பிரெஞ்சு சொகுசுக் கப்பல் இப்படித்தான் போனது. அதை அமெரிக்கக் கடற்படை எடுத்து, படைவீரர்களை ஏற்றும் கப்பலாக நியூயார்க்கில் மாற்றிக்கொண்டிருந்தது. 1942 பிப்ரவரி 9 அன்று, இரும்பை வெட்டும்போது தெறித்த பொறி, குவித்து வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டுகளில் விழுந்தது. அவற்றுக்குள் இருந்தது நம் வீட்டுத் தலையணையில் இருக்கும் இலவம்பஞ்சு. கப்பலின் தீயணைப்பு அமைப்பை வேலைக்காக ஏற்கெனவே துண்டித்திருந்தார்கள். நகரத் தீயணைப்புக் குழாய்களோ பிரெஞ்சு இணைப்புகளில் பொருந்தவில்லை. வெளியிலிருந்து தண்ணீரை அடித்துத் தள்ளினார்கள். தீ அடங்கியது. மறுநாள் விடிவதற்குள் கப்பல் சரிந்து படுத்துவிட்டது.

78 ஆண்டுகள் கழித்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2020 ஜூலையில் அமெரிக்காவின் சான் டியாகோவில், பராமரிப்பில் இருந்த ‘பான்ஹோம் ரிச்சர்ட்’ போர்க்கப்பல் நான்கு நாள்களுக்கும் மேல் எரிந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. தீ வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட மாலுமி 2022-ல் விடுவிக்கப்பட்டார். ஆனால், தீ பரவியதற்கான காரணங்களைக் கடற்படை விசாரணை அடுக்கியது. கப்பலின் தீயணைப்புக் குழாய் நிலையங்களில் 87 சதவிகிதம் பயன்பாட்டிலேயே இல்லை. கதவுகளின் வழியே வயர்களும் குழாய்களும் ஓடியதால் பல கதவுகளைச் சாத்த முடியவில்லை. நுரை பீய்ச்சும் பட்டன் இருந்தும் யாரும் அதை அழுத்தவில்லை!

கடலில் போகும்போது கப்பல் முழுக்க ஆள் இருப்பார்கள், எல்லா அமைப்பும் உயிரோடு இருக்கும். பட்டறைக்கு வந்தால் பாதி ஆள் வீட்டில், பாதி அமைப்பு ஆஃப். கூடவே பெயின்ட், தின்னர், கேஸ் சிலிண்டர்.

இன்னொன்று, இரும்புச் சுவரின் இந்தப் பக்கம் வெல்டிங் வைத்தால் அந்தப் பக்கத்து அறையில் இருக்கும் பொருளும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் இரண்டு பக்கமும் தீக்காவலுக்கு ஆள் நிறுத்துவார்கள். வேலை முடிந்தும் குறைந்தது அரை மணி நேரம் அவர்கள் அங்கேயே நிற்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு, சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும்.