துப்புரவு என்று ஒரு சொல்

என் நண்பர் ஒருவர் சென்னையில் புதிதாகத் தொழில் தொடங்குகிறார். வீடுகளையும் ஆபீஸ்களையும் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில். சென்ற வாரம் காப்பி வேளையில் என்னைத் தேடி வந்தார். "கதாபாத்திரங்களுக்கெல்லாம் பெயர் வைக்கிறீரே, என் கம்பெனிக்கும் ஒன்று வையும்" என்றார். கையில் ஒரு காகிதம். கிளீன், ஷைன், பிரெஷ், ஸ்பார்க்கிள் என்ற நாலு சொற்களை மாற்றி மாற்றிக் கோத்துப் பதினேழு பெயர்கள் எழுதியிருந்தார்.

"பலகையில் தமிழ் முதலில் இருக்க வேண்டுமென்று விதி இருக்கிறதே?" என்றேன்.

"இதையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் போயிற்று!"

"வர்த்தகக் குறியாகப் பதிவு செய்யப் போனாலும் தொல்லை. செய்கிற வேலையின் குணத்தை மட்டும் சொல்லும் சொல்லை ஒருவருக்கே சொந்தமாக்க 1999-ஆம் வருஷத்துச் சட்டம் லேசில் இடம் கொடுக்காது. பேசாமல் உம் தாயார் பெயரைப் போட்டு, 'துப்புரவு நிலையம்' என்று வையும்."

நண்பர் முகத்தைச் சுளித்தார். "துப்புரவா? அந்தச் சொல்லே நாறுகிறது. சர்க்காரே அதைக் கைவிட்டாகிவிட்டது" என்றார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சொல் என்ன பாவம் செய்தது? திருக்குறளில் அதற்கு அனுபவிக்கத்தக்க பொருள் என்று அர்த்தம். பிற்பாடு சுத்தம் என்று பொருள்பட்டது. அதுவும் நல்ல பொருள்தானே? அந்த வேலையைச் செய்கிறவர்களை நாம் வாசலிலேயே நிறுத்தினோம். தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்தோம். சொல்லும் அவர்களோடு வாசலில் நின்றுவிட்டது. 2020-இல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. நல்ல எண்ணந்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் நிறுத்துகிற வழக்கம் மாறாவிட்டால், 'தூய்மை'யும் இன்னும் முப்பது வருஷத்தில் நாறத் தொடங்கும். அப்புறம் அகராதியில் வேறு எந்தச் சொல்லைத் தேடுவது?

சட்டத்துக்கும் குறைவில்லை. மனிதக் கழிவை மனிதன் அள்ளக் கூடாதென்று 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொன்று. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. அப்படியும் ஆட்கள் இறந்துகொண்டே இருந்ததால்தான், 2023-இல் சுப்ரீம் கோர்ட், சாக்கடையில் உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது.

"நான் சாக்கடைக்கு ஆள் அனுப்பப் போவதில்லையே! வீட்டுக் குளியலறைதானே?" என்றார் நண்பர்.

"சரி, குளியலறைக்கே வருவோம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத அறையில் அது ஆளையே கொன்றுவிடலாம். உம்முடைய ஆட்களுக்கு இதை யாராவது சொன்னார்களா? கையுறை வாங்கியாயிற்றா? அது போகட்டும், அவர்கள் பெயராவது உமக்குத் தெரியுமா?"

"இரண்டு அம்மாக்கள், மூன்று பையன்கள்" என்றார்.

கம்பெனிக்குப் பதினேழு பெயர்; உழைக்கிறவர் ஐந்து பேருக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது! இதை நான் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நண்பருக்கும் சூடு ஏறிவிட்டது.

"நீர் இத்தனை கதை எழுதியிருக்கிறீரே, அதில் தெருக் கூட்டுகிறவள் ஒருத்திக்காவது பெயர் வைத்திருக்கிறீரா?"

நான் வாயடைத்துப் போனேன். என் நாவல் ஒன்றில் ஒருத்தி வருகிறாள். கதாநாயகி அழுதுகொண்டு ஜன்னலோரம் நிற்கும்போதெல்லாம் தெருவில் அவள் பெருக்கிக்கொண்டிருப்பாள். மூன்று அத்தியாயங்களில் வருகிறாள். மூன்றிலும் அவள் 'குப்பைக்காரி'தான். ஜன்னலோரத்து நாய்க்குட்டிக்குக்கூட நான் பெயர் வைத்திருந்தேன்.

நண்பருக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. முதலில் அந்த ஐந்து பேரின் பெயரையும் எழுதிக்கொண்டு, ஐந்து ஜோடிக் கையுறையும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். என் நாவல் அடுத்த பதிப்புக்குப் போகிறது. அந்தப் பிரதியில் எனக்கும் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது.