இ-பாஸில் இடமில்லாத காரணம்



2020-ல் மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவில் மரணம் என்று காரணம் காட்ட வேண்டும். செஞ்சியில் இருக்கும் பையன் திருவண்ணாமலையில் இருக்கும் பெண்ணைப் பார்க்க என்ன காரணம் எழுதியிருப்பான்? ஒரு மணி நேர பஸ் பயணம்தான். அந்த ஆண்டு பல வாரங்கள் அது எட்டாத தூரமாகவே இருந்தது.

அந்த ஆண்டு மார்ச் 17-லேயே நினைவுச் சின்னங்களை மத்திய தொல்லியல் துறை மூடிவிட்டது. நம் செஞ்சிக் கோட்டையும் பூட்டப்பட்டது. அடுத்த வாரம் பஸ்ஸும் நின்றது. கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து தொற்று நம் விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்ததும் தெருமுனையில் நின்று பேசவே பயந்தோம். பிள்ளைகள் நாலு பேரோடு பழகி மனிதர்களைப் புரிந்துகொள்ளும் இடங்கள் எல்லாமே ஒரே நேரத்தில் போயின.

மிஞ்சியது போன்தான். அதுவும் யாருடைய போன்? பல வீடுகளில் இருந்தது ஒன்றே ஒன்று, அப்பாவுடையது. ஆன்லைன் கிளாஸுக்காகக் காலையில் மகள் கைக்கு வரும், மத்தியானம் தம்பிக்குப் போகும், ராத்திரி அப்பாவிடம் திரும்பிவிடும். அதற்குள் அவள் தன் காதலன் நம்பரைத் தோழி பெயரில் சேவ் பண்ண வேண்டும், சாட்டை அழிக்க வேண்டும், சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போக ஒரு சாக்கும் வேண்டும். மெசேஜுக்குப் பதில் வராவிட்டால் கோபமா, காய்ச்சலா என்றுகூடத் தெரியாது. அவன் கோவிட் வார்டில் படுத்திருந்தாலும், வீட்டுக்குப் போன் போட்டு "எப்படி இருக்கிறான்?" என்று கேட்க அவளுக்கு உரிமையில்லை. அந்தத் தவிப்பைத் தனியாகச் சுமந்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். நமக்குத் தெரிந்ததா?

இன்ஸ்டாகிராமில் மட்டுமே அறிமுகமான ஆளை நம்பிப் போட்டோ அனுப்பிவிட்டு, பிறகு மிரட்டலுக்கு ஆளான பெண்களும் உண்டு. (இப்போது அப்படி நடந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யலாம். திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

சில வீடுகளில் போன் பிடிபட்டது. விஷயம் தெரிந்ததும் என்ன செய்தோம்? கல்யாணத்துக்கு 50 பேர் வந்தால் போதும், செலவும் குறைவு, பள்ளிக்கூடமும் மூடிக் கிடக்கிறது என்று அவசர அவசரமாக முடித்துவிட்டோம். 18 வயது நிரம்பாத பெண்களுக்கும் அப்படி நடந்தது. அது சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டிய விஷயம். பெண்ணின் படிப்பும் அதோடு நின்றது.

இன்னொரு பக்கம், பெண் வீட்டாரின் புகாரில் போக்சோ வழக்கில் சிக்கிய பையன்கள். இளம் வயதுக் காதலைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பில் சொன்னார். ஆனாலும் சட்டத்தில் சம்மத வயது 18 என்றுதான் இன்றும் இருக்கிறது. மகன்களிடம் இதை யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? அன்று ஒன்பதாவது, பத்தாவது படித்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். சில வீடுகளில் ஜாதகமும் எடுத்தாகிவிட்டது. யாரோடு ஒத்துப்போகும், யாரை நம்பலாம், சண்டை வந்தால் எப்படிப் பேசித் தீர்ப்பது என்று பழகிக் கற்க வேண்டிய வயதை அவர்கள் திரைக்கு முன்னால் கழித்தவர்கள். அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் காலம் கொடுத்தால் என்ன? பேசிப் பழக ஓர் இடமும்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு நம் கோட்டையைப் பற்றி எல்லோருக்கும் பெருமைதான். அங்கே கல்யாண மஹால் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால், முறைப்பதையும் மறைந்து நின்று செல்போனில் படம் எடுப்பதையும் விட்டுவிடலாமே. பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் பேசுவதுதான் பெண்ணுக்கும் பாதுகாப்பு.

வேறு சாதியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் பேசாமல் இருந்தால் காதல் நின்றுவிடுமா? நமக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். மகளோ மகனோ ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போனைப் பிடுங்காதீர்கள். "ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா, காபி சாப்பிட்டுப் பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்