வடை விற்று விடுதலை வாங்கிய நகரம்

பிறேசில் நாட்டின் முதல் தலைநகர் யாதெனக் கேட்டால் மாணவரிற் பலர் றியோ டி ஜனேரோ என்பர். அன்று, அது சல்வடோர். கொழும்பிலே கோட்டை கட்டிய அதே போர்த்துக்கேயர், 1549ஆம் ஆண்டில் தோமே டி சௌசா என்னும் ஆளுநரை அனுப்பி இந்நகரை நிறுவினர். 1763இல் றியோவுக்கு அப்பெருமை மாறும் வரை ஆட்சிபீடம் இங்கேயே இருந்தது.

நகர் இரு தட்டாக அமைந்தது. விரிகுடாவை ஒட்டித் துறைமுகமும் சந்தையும். செங்குத்தான மேட்டின்மீது ஆலயங்களும் மாளிகைகளும். இரண்டையும் இணைப்பது 1873இல் திறக்கப்பட்ட லசேர்தா தூக்கி. 72 மீற்றர் உயரத்தை அரை நிமிடத்திற் கடந்து மேல்நகரை அடைந்தோம்.

வண்ணம் பூசிய வீடுகளும் கல் பாவிய சரிவான தெருக்களும் கண்ணைக் கவருகின்றன. ஆனால் அப்பகுதியின் பெயர் பெலோரிஞோ. கசையடித் தூண் என்பது அதன் பொருள். ஆபிரிக்காவிலிருந்து மரக்கலங்களில் அடைத்துக் கொணரப்பட்ட அடிமைகள் ஊரறியக் கட்டி அடிக்கப்பட்டனர். 1888இல் அடிமை முறை ஒழிந்தது, தூணும் போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. அதை மாற்றாது விட்டமை நன்றென்றே நமக்குத் தோன்றிற்று.

அருகே புனித பிரான்சிஸ்கு ஆலயம் பொன்முலாம் வேலைக்குப் பேர்போனது. 2025 பெப்ரவரியில் அதன் உட்கூரையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்து, பார்க்க வந்த இளம் பெண்ணொருத்தி உயிரிழந்தாள். நம் மனம் நின்றதோ சரிவின் கீழுள்ள நீல நிறச் செபமாலை மாதா ஆலயத்திலேதான். வெள்ளையர் ஆலயங்களில் இடம் பெறாத கறுப்பின மக்கள், உழைப்பு ஓய்ந்த வேளைகளிலே தாமே கல் சுமந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் கட்டியது அது. செவ்வாய்க்கிழமை மாலைப் பூசைக்குச் சென்றோம். ஆபிரிக்க முழவு முழங்க மன்றாட்டு எழுந்தது.

வெளியே தெருமுனையில், வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டும் அணிந்த பெண்ணொருத்தி தாச்சியின் முன் அமர்ந்திருந்தாள். கௌபி வகைப் பயற்றை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் உப்புஞ் சேர்த்துச் செம்பனை எண்ணெயிலே பொரிக்கிறாள். 'அக்கராஜே' என்பது பெயர். நம் வடைக்கு உடன்பிறப்பே! வெந்ததைப் பிளந்து, இறாலும் தேங்காய்ப்பாலுஞ் சேர்ந்த களியொன்றை உள்ளே வைக்கிறாள். சைவ உணவினர் களியும் இறாலும் வேண்டாமெனச் சொல்லிவிட வேண்டும்.

இதை உண்போர் அறியவேண்டிய கதையொன்றுண்டு. அடிமைப் பெண்களை எசமானர் தெருவில் வியாபாரஞ் செய்ய அனுப்புவர். நாள்தோறும் குறித்த தொகையை அவர்களிடம் கட்டவேண்டும். எஞ்சிய சில்லறையை ஆண்டுக்கணக்கிற் சேமித்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் பலர். தம் பிள்ளைகளையும் மீட்டவர்கள் உளர். ஒரு வடையில் எத்தனை காசு மிஞ்சியிருக்கும்?

அவர்கள் கொண்டுவந்த பிறவற்றையும் அரசு எளிதில் விட்டுவைக்கவில்லை. கப்போயிரா என்னும் தற்காப்புக் கலையை 1890ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் குற்றமாக்கிற்று. 1937இலேதான் மெஸ்திரே பிம்பாவின் பயிற்சிக்கூடம் அரசின் ஏற்பைப் பெற்றது. அவர்தம் கந்தோம்பிளே வழிபாட்டுக்கோ, 1976 வரை பொலிசாரிடம் பதிவு வேண்டியிருந்தது.

அவ்வழிபாட்டினர் பலர் சேர்ந்த கூட்டமொன்றின் பெயரைக் கேட்டு வியந்தோம்: 'காந்தியின் பிள்ளைகள்'! மகாத்மா மறைந்த மறு ஆண்டு, 1949இல், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளர் தொடங்கியது அது. களியாட்ட விழாவில் இரைச்சலும் ஆரவாரமும் மிகுந்திருக்க, இவ்வாடவர் மட்டும் வெள்ளுடை தரித்து, துவாயைத் தலைப்பாகையாகச் சுற்றி, நீலமும் வெள்ளையுமான மணிமாலைகள் அசைய, மெல்லிய தாளத்திற்கு ஆடிச் செல்வர். வழிநெடுக மக்கள்மீது வாசனைநீர் தெளிப்பர். பெண்கள் அம்மணிமாலையொன்றைப் பெற முந்துவார்களாம்.