விலை குறைந்த கிடாரும் மேடை ஏறலாம்!

கோயில் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ரா நடக்கிறது. மறுநாள் பரீட்சை என்பதால் உங்களை வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். அப்போது காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறீர்களா, குட்டீஸ்? பாடகர் பாடும் வார்த்தை சரியாக விளங்காது. கீபோர்டு எங்கோ மெலிதாகக் கேட்கும். ஆனால், "டும்... டுடும்... டும்..." என்று ஒரு கனத்த சத்தம் மட்டும் இரண்டு தெருவைத் தாண்டி, உங்கள் தலையணை வரைக்கும் வந்துவிடும்!

அதில் பாதி டிரம்ஸ். மீதிப் பாதி, பேஸ் கிடார்.

சாதாரண கிடாரில் ஆறு கம்பிகள். பேஸ் கிடாரில் பெரும்பாலும் நான்குதான்; ஆனால் தடித்த கம்பிகள். மேடையில் எல்லாருக்கும் முன்னால் நின்று கைதட்டல் வாங்குகிற வாத்தியம் அல்ல இது. பின்னால் நின்று பாட்டைத் தாங்கிப் பிடிக்கிற வாத்தியம். பந்தலுக்குக் கால் மாதிரி. கால் இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பிடுங்கிவிட்டால்தான் தெரியும்!

இப்போது நிறையப் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கு மாணவர்களே இசைக்குழு சேர்த்து வாசிக்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால், கூடவே ஒரு பேச்சும் முளைக்கிறது. "உன்னோடது என்ன பிராண்டு?", "இதையெல்லாம் மேடைக்குக் கொண்டு வரலாமா?" இப்படி ஒருவர் கேட்டுவிட்டால் போதும். பாவம், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் லட்ச ரூபாய் கிடார் கேட்டு அடம்பிடிக்கிறது. அல்லது யாரிடமும் எதுவும் சொல்லாமல், பேர் கொடுத்ததையே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இந்த இரண்டாவதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

அதனால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேடையில் வாசிக்க விலை குறைந்த பேஸ் கிடாரே போதும். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

முதலில் ஒரு கதை. நிஜக் கதைதான்.

இங்கிலாந்தில் லிவர்பூல் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே பிறந்த இசைக்குழு பீட்டில்ஸ். உங்கள் தாத்தா, பாட்டிக்குக்கூடப் பெயர் தெரிந்திருக்கலாம். 1961ல் அவர்கள் பிரபலம் எல்லாம் இல்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரக் கிளப்புகளில், இரவு முழுக்க வாசித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள். குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர் விலகிவிட, அந்த வேலை பால் மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. அப்போது பேஸ் கிடார் வாசிக்க யாருக்குமே ஆசை கிடையாதாம்!

நல்ல பேஸ் கிடார் என்றால் அன்றைக்கு அமெரிக்காவின் ஃபெண்டர்தான். விலை 100 பவுண்ட் அளவில் இருந்தது. பாலிடம் அவ்வளவு பணம் ஏது? ஹாம்பர்க் கடை ஒன்றில் ஹாஃப்னர் என்ற ஜெர்மன் கம்பெனியின் கிடாரைப் பார்த்தார். வயலின் மாதிரி வடிவம். உள்ளே வெற்றிடம், தூக்கினால் காற்று மாதிரி இருக்கும். விலை சுமார் 30 பவுண்ட். அவர் இடது கைக்காரர் வேறு. இருபக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்கும் வடிவம் என்பதால் எந்தக் கையில் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது. வாங்கிவிட்டார்.

அந்தக் கிடாரோடுதான் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் நூற்றுக்கணக்கான கச்சேரிகள். முதல் இசைத்தட்டுக்கு வாசித்ததும் அதில்தான். 1963ல் அதே வகையில் இன்னொன்று வந்தது. அதற்குள் புகழும் பணமும் வந்துவிட்டன. உலகத்தில் எந்தக் கிடாரையும் வாங்க முடியும். ஒலிப்பதிவுக்கு வேறு கிடார்களையும் வாசித்தார். பீட்டில்ஸ் மேடைகளில் மட்டும் அந்த வயலின் வடிவ ஹாஃப்னரை விடவே இல்லை.

1965 ஆகஸ்ட் 15ம் தேதி நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் சுமார் 55,600 பேர் முன்னால் வாசித்தார்கள். அடேங்கப்பா! ரசிகர்கள் போட்ட கூச்சலில், மேடையில் நின்றவர்களுக்கே தங்கள் வாத்தியம் கேட்கவில்லை. அன்றைக்கு பால் தங்கத்தில் செய்த கிடாரை வாசித்திருந்தாலும் யாருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும், சொல்லுங்கள்?

"அவர் பால் மெக்கார்ட்னி. துடைப்பத்தில் கம்பி கட்டிக் கொடுத்தாலும் வாசிப்பார். நாங்கள் அப்படியா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்வி. அதனால் பாலை விட்டுவிட்டு, சத்தத்தைப் பிடிப்போம்.

பேஸ் கிடாரின் மிகத் தடித்த கம்பியைத் தட்டினால் அது ஒரு விநாடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. சத்தம் காற்றில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். 340ஐ 41ஆல் வகுத்துப் பாருங்கள். எட்டு மீட்டருக்கு மேல் வருகிறதா? அந்த ஒலியின் ஒரே ஒரு அலையின் நீளம் அது. ஒரு வகுப்பறை நீளத்துக்கு ஒரு அலை! இவ்வளவு நீளமான அலை சுவர், தூண், வீடு எதற்கும் அசராது. வளைந்து வளைந்து போய்விடும். திருவிழாச் சத்தத்தில் "டும் டும்" மட்டும் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே அலைதான் அரங்கத்துக்குள் சேட்டையும் செய்கிறது. சுவரில் மோதித் திரும்பி வரும் அலையும், புதிதாக வரும் அலையும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்ளும். அங்கே பேஸ் சத்தம் நெஞ்சை இடிக்கும். இன்னோர் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். சந்தேகம் என்றால், அடுத்த முறை ஏதாவது கச்சேரியில் உங்கள் நாற்காலியை விட்டு எழுந்து, மூலைக்கு ஒருமுறை, நடுவுக்கு ஒருமுறை போய் நின்று கேளுங்கள். ஒரே கிடார், ஒரே பாட்டு. ஆனால், வேறு வேறு மாதிரி கேட்கும்!

பத்தாயிரம் ரூபாய் கிடாருக்கும் இரண்டு லட்ச ரூபாய் கிடாருக்கும் ஒலியில் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. தனியாக, அமைதியான அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டால் தெரியலாம். அந்த நுணுக்கமெல்லாம் பெரும்பாலும் அடி ஒலியின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய ஒலிகளில்தான் இருக்கிறது. மேடையிலோ டிரம்ஸ் தட்டு "ஜல்" என்கிறது; கீபோர்டு இழைகிறது; மைக்செட் அண்ணா வேறு தன் இஷ்டத்துக்குக் குமிழைத் திருகுகிறார். எல்லாம் சேர்ந்து அந்த நுணுக்கத்தை மூடிவிடும். மிஞ்சுவது இரண்டே கேள்விதான். சுருதி சேர்ந்திருக்கிறதா? தாளத்தில் வாசிக்கிறாரா? இதில் இரண்டாவது விஷயத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இன்னொன்று தெரியுமா? இன்று விலையுயர்ந்ததாகப் பேசப்படும் ஃபெண்டரே ஒரு எளிய வேலைக்காரனாகத்தான் பிறந்தது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்தவர். அவருக்கு கிடார் வாசிக்கவே தெரியாது! அந்தக் காலத்தில் பேஸ் ஒலிக்கு, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் என்ற வாத்தியம்தான். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். சத்தமும் மேடையில் எடுபடாது. தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி, மின்சாரத்தில் சத்தம் கூட்டுகிற மாதிரி 1951ல் ஃபெண்டர் ஒரு பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். கழுத்தை உடம்போடு நான்கு திருகால் முடுக்கிவிட்டார். கெட்டுப்போனால் கழற்றி மாட்டலாம், அவ்வளவுதான். அலங்காரப் பொருளாக அவர் அதை நினைக்கவில்லை. பிறகு 1982ல் அதே கம்பெனி, ஸ்கொயர் என்ற பெயரில் குறைந்த விலைக் கிடார்களை ஜப்பானில் தயாரிக்க ஆரம்பித்தது. அதே வடிவம், அதே நான்கு கம்பி.

பின்னே, கூடுதல் பணம் எங்கே போகிறது? தயாராகும் நாட்டின் கூலி, மரத்தின் தரம், இழைத்து இழைத்து மெருகு போடும் நேரம், கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளின் ஓரத்தை விரலில் உரசாமல் ராவும் பொறுமை, அப்புறம் அந்தப் பெயர்ப் பலகை. வாசிப்பையே தொழிலாக வைத்திருப்பவர், மாதம் முழுக்க வாசிப்பவர், ஒலிப்பதிவுக்குப் போகிறவர் இவர்கள் விலையுயர்ந்தது வாங்குவதில் தப்பே கிடையாது. தையற்காரர் நல்ல மெஷின் வாங்குவது மாதிரிதான் அது. ஆண்டு விழாவுக்கு இரண்டு பாட்டு வாசிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு?

அதற்காக, கிடைக்கிற விலைக்கு எதையாவது வாங்கிவிடாதீர்கள்! மோசமான கிடார் நிஜமாகவே மோசம். கம்பி கட்டையிலிருந்து உயரத்தில் நிற்கும். அழுத்தினால் விரல் புண்ணாகிவிடும். கம்பியை முறுக்கும் ஆணி (வீணையில் பிருடை என்போமே, அது) வழுக்கிக்கொண்டே இருந்தால், இரண்டாவது பாட்டுக்குள் சுருதி இறங்கிவிடும். இந்தத் தொல்லையால் "எனக்கு இசை வராது" என்று நினைத்து விட்டவர்கள் எத்தனையோ பேர். தப்பு அவர்கள் மேல் இல்லை.

கடையில் பார்க்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கம்பியை வெறுமனே தட்டுங்கள். பிறகு அதே கம்பியைப் பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தித் தட்டுங்கள். ச என்று கேட்டது, மேல் ச என்று சரியாகக் கேட்க வேண்டும். கொஞ்சம் விலகினால் கடைக்காரரிடமே சரிசெய்து தரச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் சின்னத் திருகில் அடங்கிவிடுகிற வேலை. அதையும் தாண்டி விலகிப் போனால் அந்தக் கிடார் வேண்டாம். கம்பி உயரத்தையும் குறைக்கச் சொல்லலாம். இப்படி ஒழுங்குபடுத்திய சாதாரண கிடார், ஒழுங்குபடுத்தாத விலையுயர்ந்த கிடாரைவிட மேல். மிச்சப்படும் பணத்தில் நல்ல கேபிள், நல்ல கம்பி செட், உறுதியான தோள்பட்டை வார் வாங்கலாம். மேடையில் மானத்தை வாங்குவது பெரும்பாலும் "கர்ர்ர்" என்று இரையும் கேபிள்தான், கிடார் அல்ல!

அப்புறம், உங்கள் கை சின்னதுதானே? சாதாரண பேஸ் கிடாரில் கம்பியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்தில் சின்னக் கிடாரும் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னரும் 30 அங்குலம்தான்.

ஆமாம், அந்தப் பழைய 1961 ஹாஃப்னர் என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லையே! 1972ல் லண்டனில் வேன் ஒன்றிலிருந்து யாரோ அதைத் திருடிவிட்டார்கள். ஐம்பது வருடங்களுக்கு மேல் தகவலே இல்லை. ரசிகர்களும் பத்திரிகையாளர்களும் துப்பறிந்து தேடியதில், ஒரு வீட்டுப் பரணில் இருந்து கிடைத்தது. பாலிடம் திரும்பி வந்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அந்த டிசம்பரில் லண்டனில் நடந்த கச்சேரியில், 82 வயது பால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். அதே 30 பவுண்ட் கிடார்!

ஆண்டு விழாவுக்குப் பேர் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதா? கொடுத்துவிடுங்கள். மேடை ஏறும் முன் அம்மாவின் செல்போனில் டியூனர் ஒன்றை இலவசமாக இறக்கி, நான்கு கம்பிக்கும் சுருதி பார்த்துவிடுங்கள். மைக்செட் அண்ணாவிடம் பேஸ் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்!