'உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா'

ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவில் ஒரு முழு நாள் உட்கார்ந்து கேட்டாலும், "எனக்கு மனப்பதற்றம்" என்று சொல்லும் பெண்ணைப் பார்ப்பது அரிது. "நெஞ்சு படபடங்குது", "அடிவயித்தைப் பிசையுது", "கை காலெல்லாம் மரத்துப்போகுது", "வெள்ளைப்படுது, ஒடம்புல சத்தே இல்ல" என்றுதான் சொல்வார்கள். ஈசிஜி எடுப்பார்கள்; நார்மல். தைராய்டு, ரத்தசோகை பார்ப்பார்கள். படபடப்புக்குக் காரணமாகச் சொல்லும்படி எதுவும் இருக்காது. வரிசை வாசல்வரை நிற்கும். மருத்துவர் ஒரு கேஸ் மாத்திரையும் சத்து ஊசியும் எழுதிக்கொடுத்து, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்று அனுப்பிவைப்பார்.

அவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். கேட்கிற பெண்ணுக்கோ, தான் நடிப்பதாக மருத்துவரே நினைத்துவிட்டார் என்று படும். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மாமியாருக்கு அது தீர்ப்பு: "டாக்டரே சொல்லிட்டாரு. எல்லாம் இவளோட நெனப்புதான்." ஏற்கெனவே தன்மேல் நம்பிக்கை குறைந்து போன ஒருவர், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்து வீடு திரும்புவார்.

நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் 85% பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது அந்த ஆய்வு. விழிப்புணர்வு இல்லாததால் பெண்கள் வருவதில்லை என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம். பாதிதான் உண்மை. பெண்கள் வருகிறார்கள், திரும்பத் திரும்ப வருகிறார்கள். உடம்பைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சக ஆய்வாளர்களும் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு இதை வேறொரு பக்கமிருந்து காட்டியது. வெள்ளைப்படுதல் என்ற புகாருக்கு, நோய்த்தொற்றைவிட மனஉளைச்சலோடும் வீட்டுச் சூழலோடும் நெருக்கமான தொடர்பு இருந்தது. நம் ஊரிலோ அந்தப் புகாருக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்தான் பதில்.

ஆகவே, மனநல ஆலோசனையை மாவட்டத் தலைநகரில் தனிக் கட்டிடத்தில் வைத்துவிட்டு, அங்கே வரும்படி பெண்களுக்கு விளம்பரம் செய்வதில் பயன் குறைவு. அவர்கள் ஓ.பி. சீட்டோடு நிற்கும் வரிசைக்குப் பக்கத்து அறையில் அது இருக்க வேண்டும்.

அந்த அறையில் என்ன நடக்கும்? முதலில், உடம்பைப் பற்றிய விளக்கம். பதற்றத்தில் மூச்சு வேகமாகிறது. ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல்நுனி மரத்து, தலை கிறுகிறுக்கிறது. அதைக் கண்டு பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்க, படபடப்பு ஏறுகிறது. "இது மாரடைப்பு இல்லம்மா. ஆனா நீங்க சொல்றது நிஜம். இது ஏன் வருதுன்னா..." என்று தொடங்கும் ஐந்து நிமிடப் பேச்சு சிகிச்சையின் முதல் படி. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பழகிய அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை இரவைக் கடத்த உதவும். காரணத்தைத் தொடாது, போதாததற்குப் பழக்கமாகவும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது வீடு. சுயமதிப்புப் பற்றி நம் மேடைகளில் ஏராளமாகப் பேசுகிறார்கள். கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' எனப் பத்து முறை சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம்கூட நம்பிக்கை இல்லை. தன்மதிப்பு ஒரு பெண்ணின் தலைக்குள் மட்டும் பழுதாகிக் கிடக்கும் பொருள் அல்ல. வேலூர் மாவட்டக் கிராமங்களில் குழந்தை பெற்ற பெண்களிடம் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் 11% பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதோடு சேர்ந்து வந்த காரணங்கள்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைக்கு உதவ ஆளில்லாதது. இந்தப் பட்டியலில் எதைக் கண்ணாடியைப் பார்த்துப் பேசித் தீர்ப்பது? 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், அவற்றைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரம் உழைத்துவிட்டு 'வீட்டுல சும்மாதான் இருக்கேன்' என்று சொல்லப் பழகியவரிடம் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பது, இருக்கிற வேலையோடு இன்னொன்றைச் சேர்ப்பதுதான்.

இதற்கு நேர்எதிரான தவறும் இங்கே உண்டு. மகளிர் காவல் நிலையத்திலும் குடும்பநல ஆலோசனை மையத்திலும் கவுன்சிலிங் என்ற பெயரில் பல நேரம் நடப்பது சமரசம். "அனுசரிச்சுப் போம்மா, குழந்தைங்க மூஞ்சியைப் பாரு" என்பதோடு அமர்வு முடிந்துவிடும். ஆலோசகர் குடும்பத்தின் பிரதிநிதியாகிவிட்டால் எதிரே இருப்பவர் வாய் திறக்கமாட்டார். அடி, உதை இருக்கிறதா என்று தனியே வைத்துக் கேட்காத ஆலோசனையை ஆலோசனை என்றே சொல்ல முடியாது. இருந்தால், 181 பெண்கள் உதவி எண்ணும் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி மையமும் எங்கே எப்படி உதவும் என்பதைக் கையோடு சொல்லியாக வேண்டும்.

நல்ல ஆலோசனை பார்வைக்கு மிகச் சாதாரணமாக இருக்கும். "போன செவ்வாக்கிழமை மத்தியானம் என்ன செஞ்சீங்க, அக்கா?" என்று கேட்பார் ஆலோசகர். படுத்துக் கிடந்தேன் என்பார் வந்திருக்கும் பெண். முன்பு பிடித்துச் செய்த வேலை எது, ஏன் விட்டுப்போனது என்று பேச்சு நகரும். தையல் மிஷின் மேல் துணி குவிந்து கிடப்பது தெரியவரும். இந்த வாரம் அந்தத் துணியை எடுத்து மடித்துவைப்பது மட்டும். அடுத்த வாரம் ஒரு ரவிக்கைக்குக் கை வைப்பது. கணவரிடம் கேட்கத் தயங்கிய ஒரு விஷயத்தை எப்படிக் கேட்பது என்று அங்கேயே ஒருமுறை பேசிப் பார்ப்பார்கள்.

இதற்கு எம்.ஃபில். படித்த உளவியலாளர்தான் வேண்டும் என்பதில்லை. கோவாவில் சங்காத் அமைப்பு, மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 12 தனியார் மருத்துவர்களிடமும் சோதனை நடத்தியது. 2010இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: அரசு நிலையங்களில், ஆலோசகர் இருந்த இடத்தில் ஏறக்குறைய மூன்றில் இருவர் தேறினர், இல்லாத இடத்தில் பத்துக்கு நான்கு பேர்தான். தனியாரிடம் அப்படி வேறுபாடு தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு நின்று பேசும் குடும்ப மருத்துவர் ஆலோசகர் வேலையில் பாதியை ஏற்கெனவே செய்துவிடுகிறார் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தற்கொலை எண்ணம், பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு, தீவிர மனச்சோர்வு ஆகியவை மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். எதை அனுப்புவது என்று தெரிந்திருப்பதும் அந்தப் பயிற்சியில் சேரும்.

தமிழ்நாட்டுக்கு ஆள் பஞ்சமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அடுப்படிவரை உரிமையோடு போகக்கூடியவர்கள் இவர்கள். 24 மணி நேரமும் இயங்கும் 14416 டெலி-மானஸ் மனநல உதவி எண் நல்ல ஏற்பாடுதான். நடுராத்திரியில் அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் யாரிடம் பேசினாய் என்று கைப்பேசியை வாங்கிப் பார்க்கும் வீடுகளில் அந்த எண்ணை அழுத்தவே தைரியம் வேண்டும். பிபி பார்க்க வந்த அக்காவோடு பேசுவதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

சிக்கல், அந்த அக்கா அதே தெருக்காரர் என்பதுதான். காலையில் சொன்னது மாலைக்குள் ரேஷன் கடைக்கு வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. தெருவில் அதைக் காப்பாற்றுவது ஏற்பாட்டைப் பொறுத்தது. வீட்டில் கண்டறிவது ஒருவர், ஆலோசனை தருவது பக்கத்து ஊராட்சிக்காரர் என்று பிரிக்கலாம். ஆலோசனை நடக்கும் இடம் சுகாதார நிலையத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் இவர்களோடு உட்கார்ந்து, கேட்ட கதைகளை அலச வேண்டும். பிறர் துயரத்தை நாள்முழுக்கக் கேட்பவருக்கும் இறக்கிவைக்க ஓரிடம் தேவை.

கடைசியாகப் பணம். தன்னார்வலர்கள் என்ற பெயரில் இந்தப் பெண்கள் இப்போது வாங்குவது ஊக்கத்தொகை. பயிற்சியும் பொறுப்பும் ரகசியம் காக்கும் கடமையும் கொண்ட ஒரு வேலையை அதே தொகைக்குள் திணித்தால், 299 நிமிடக் கணக்கில்தான் அரசு இன்னும் சில நிமிடங்களைச் சேர்த்திருக்கும். ஆலோசகர் என்ற பதவிப் பெயர், மாதச் சம்பளம், நிதிநிலை அறிக்கையில் தனி ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் சுகாதாரத் துறை பயிற்சிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.