மறுபடி பார்ப்பதன் மதிப்பு

பால்வீதியில் ஆண்டுக்கு எத்தனை நோவாக்கள் வெடிக்கின்றன? கண்ணுறு ஒளித் தேடல்களில் சிக்குபவை சுமார் பத்து. பாலோமர் மலையிலுள்ள காட்டினி-ஐஆர் தொலைநோக்கியின் தரவிலிருந்து கிஷலே டே குழுவினர் 2021இல் மதிப்பிட்டதோ ஏறத்தாழ 44. விடுபட்டவற்றில் பெரும்பகுதி தூசிக்குப் பின்னால் வெடித்து, எவர் கண்ணிலும் படாமலே அடங்கிவிடுகிறது. கண்ணுறு ஒளியைப் பத்து ஒளித்தரம் மங்கவைக்கும் தூசி, அகச்சிவப்பின் ஜே பட்டையில் மூன்றுகூட மங்கவைப்பதில்லை.

காட்டினியின் விட்டம் 30 செ.மீ.தான். ஆனால் ஒரே படத்தில் 25 சதுர பாகை; இரண்டு இரவுக்கு ஒருமுறை, பாலோமரிலிருந்து தெரியும் வானம் முழுவதும். சிலியின் 4.1 மீட்டர் விஸ்டா, 2010இல் தொடங்கிய விவிவி ஆய்வில் பால்வீதியின் மையப்பகுதியை இதைவிடப் பன்மடங்கு ஆழமாகப் பார்த்தது. இருந்தும், சில நாட்களில் மங்கும் பொருளை உடனுக்குடன் பிடிக்க வேண்டுமென்றால் நான் காட்டினியையே நம்புவேன்.

இதற்கு விலை உண்டு. அதன் படப்புள்ளி ஒன்று 8.7 வில்விநாடி அகலம். பால்வீதித் தளத்தில் ஒரே புள்ளிக்குள் பல விண்மீன்கள் விழுந்து, கழித்தல் படத்தில் போலி மாற்றங்கள் முளைக்கும். வானமும் சும்மா இருப்பதில்லை: மேல் வளிமண்டலத்திலுள்ள ஹைட்ராக்சிலின் ஒளிர்வு சில நிமிடங்களிலேயே கூடிக் குறைகிறது. தொலைநோக்கியைச் சற்றுச் சற்று நகர்த்தி எடுத்த படங்களிலிருந்துதான் பின்னணியைக் கழிக்க முடியும். (நிலவுக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டாம் என்பது ஒரு சலுகை.)

அகச்சிவப்புத் தேடல் பிந்தியதற்கு ஆடியைவிட உணரியே காரணம். பாதரச-காட்மியம்-டெலூரைடு உணரி விலை மிக்கது, கடுங்குளிரும் கேட்கும். பாலோமரிலேயே 2023இல் முதல் ஒளி கண்ட ஒரு மீட்டர் வின்டர் தொலைநோக்கி, மலிவான இண்டியம்-காலியம்-ஆர்சனைடைத் தேர்ந்தது அதனால்தான். 2017 ஆகஸ்டில் நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது நீல ஒளி சில நாட்களில் மறைந்தது, அகச்சிவப்பு வாரக்கணக்கில் நின்றது. அடுத்த மோதலுக்கு வின்டர் தயாராக வேண்டும்.

அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியான நியோவைஸ் 2024 ஆகஸ்டில் அணைக்கப்பட்டபின் தரைத் தரவின் பொறுப்பு கூடியிருக்கிறது. ஹான்லேயின் 2 மீட்டர், அபு மலையின் 1.2 மீட்டர் தொலைநோக்கிகளுக்கு உடனடி நிறமாலை எடுப்பதே பொருத்தமான வேலை. அதற்கு முன்கூட்டி ஒதுக்கிய நேர அட்டவணையில் குறுக்கிட இடம் வேண்டும். கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பொருள் தென்படாத இரவுகளையும் ஒளித்தர எல்லையோடு அட்டவணையில் சேர்த்து அனுப்புங்கள். வெடிப்பு நாளை நெருக்கிப் பிடிக்க உதவுவது அந்த வரிசைகள்தாம்.